முருங்கையில் கம்பளிப்பூச்சி: கொளுத்துவதா, வழித்து அள்ளுவதா?

வாசகர் கேள்வி, 19.10.2024

அக்கா, எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை இருக்கிறது. ஏழு வருஷ மரம். புரட்டாசி மழைக்கு அப்புறம் அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அடையடையாக ஒட்டிக் கிடக்கிறது. ராத்திரியில் மேலே ஏறி இலையை மொட்டையடிக்கிறது. மண்ணெண்ணெய்ப் பந்தம் கொளுத்திக் காட்டினால் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்கிறார் மாமனார். மரம் பட்டுப்போகுமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை வேறு இருக்கிறது. (கரூரிலிருந்து)

19.10.2024, இரவு

பந்தம் வேண்டாம். மாமனாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

2016-இல் நாங்களும் இதைத்தான் செய்தோம். திருச்சிக்கு வெளியே இந்த வீட்டுக்கு வந்து இரண்டாவது வருஷம். என் வீட்டுக்காரர் பழைய வேட்டியைச் சவுக்குக் கம்பில் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, சூரசம்ஹாரத்துக்குப் போகிறவர் மாதிரி கிளம்பினார். தீ பட்டதும் பூச்சி பொலபொலவென்று உதிர்ந்தது. செத்தது பாதி. மீதிப் பாதி கீழே விழுந்து, நாலா பக்கமும் ஊர்ந்து, ஒன்று சுவர் ஏறியது, ஒன்று துணி துவைக்கிற கல்லில் ஏறியது. கருகிய ரோமம் புகையோடு சேர்ந்து அவர் கழுத்திலும் இமையிலும் ஒட்டி, மூன்று நாள் கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

மரத்துக்கு அப்போது ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைத்தோம். தீ பட்ட பக்கம் பட்டை கறுத்தது, பிசின் வடிந்தது, அவ்வளவுதான். அடுத்த ஆடிக் காற்றில் சரியாக அந்தக் கறுத்த இடத்திலேயே முறிந்து விழுந்தது. முருங்கைக்குப் பட்டையும் மெத்து, கட்டையும் மெத்து. வேளாண் குறிப்புகளிலும் தீப்பந்தம் சொல்லியிருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. கை பழகிய தோட்டக்காரர் மரத்தைத் தொடாமல் சட்டென்று ஓட்டி எடுத்துவிடுவார். நமக்கு அந்தக் கை கிடையாது.

செய்யவேண்டியது இது. ராத்திரி மேய்ந்துவிட்டுப் பகலில் அடிமரத்தில் கும்பலாகத் தூங்குகிற பூச்சி இது. அதுதான் நமக்கு வசதி. இலை இலையாகத் தேட வேண்டாம், எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். காலை ஏழு மணிக்குள் ஒரு வாளியில் பாதி தண்ணீர், அதில் இரண்டு கை சோப்புத்தூள். இன்னொரு குவளையில் பாத்திரம் துலக்கும் சோப்பை நுரைக்கக் கரைத்து, முதலில் கும்பல் மேல் மெதுவாக ஊற்றி நனைத்துவிடுங்கள். நனைந்தால் ரோமம் பறக்காது. அப்புறம் நீளக் கம்பில் கட்டிய பழைய தோசைத்திருப்பியால் வழித்து வாளிக்குள் தள்ளுங்கள். சோப்புத் தண்ணீரில் விழுந்தது ஏறி வராது.

மேலே கிளையில் இருப்பதற்கு வேப்பெண்ணெய். லிட்டருக்கு 30 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு கலந்து அடித்தால் செத்துவிடும்.

20.10.2024

சொல்ல மறந்தது: மரத்துக்குக் கீழே துணிக்கொடி இருந்தால் முதலில் அதை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டுங்கள். குழந்தைத் துணி என்றால் இன்னும் முக்கியம். எங்கள் வீட்டில் நடந்ததை முழுதாக எழுத முடியாது. ஈரிழைத் துண்டு, குளித்துவிட்டு வந்தவர், அவ்வளவு போதும்.

23.10.2024

கரூர்த் தம்பி எழுதியிருக்கிறார். இரண்டு வாளி அள்ளினாராம். மூன்றாவது நாள் கிளை பிரியும் கவட்டில் இன்னொரு அடை. அது இருக்கத்தான் செய்யும். ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை இது. ஒரு வாரம் தினமும் காலையில் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும்.

மாமனார் பந்தத்தை விட்டுவிட்டு இப்போது வேரில் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறாராம். ஊற்றினால் பூச்சி அப்படியே இருக்கும், மரம்தான் போகும். ஐயாவை ஒரு நாள் வாளி பிடிக்கச் சொல்லுங்கள்.

சாம்பல் தூவலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வெண்டைச் செடியில் அசுவினிக்குத் தூவுகிற சாம்பல் இதற்குப் போதாது. ரோமக் காட்டுக்குள் சாம்பல் எங்கே தோலைத் தொடப்போகிறது?

26.10.2024

அரிப்பைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். மரத்தை விட இதுதான் அவசரம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பூச்சி கடிப்பதில்லை. அதன் ரோமம் முள் மாதிரி தோலில் குத்தி ஒடிந்து உள்ளே நிற்கிறது. அதனால் முதல் விதி, தேய்க்காதீர்கள். சொறியாதீர்கள். அகலமான செல்லோ டேப்பை அந்த இடத்தில் ஒட்டி ஒட்டி எடுங்கள். நாலைந்து தடவை எடுத்ததும் டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பூனைமுடி மாதிரி ஒட்டியிருக்கும். அதற்கு மேல் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, காலமைன் தடவலாம். போட்டிருந்த துணியை மற்றதோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும்.

எங்கள் அப்பாயி வெற்றிலையைக் கசக்கி அழுத்தித் தேய்ப்பார். தேய்த்த பிறகு கத்தலும் அதிகமாகும், தடிப்பும் அதிகமாகும். வெற்றிலைமேல் எனக்குக் கோபம் இல்லை, தேய்த்ததுதான் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. ஒடிந்த ரோமத்தை அது இன்னும் உள்ளே தள்ளியிருக்கும். ஆனால் அப்பாயிக்கு முன்னால் இதைச் சொல்ல யாருக்குத் தைரியம் இருந்தது?

கண்ணில் பட்டால் வீட்டு வைத்தியமே வேண்டாம். தண்ணீரில் அலசிவிட்டு நேரே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். மூச்சுத் திணறல், உதடு வீக்கம் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

1.11.2024, தீபாவளிக்கு மறுநாள்

கம்பி மத்தாப்பைக் கொளுத்திக் கும்பலுக்கு நேராகக் காட்டலாமா என்று ஒருவர் கேட்கிறார். சங்குசக்கரத்தை விட்டுவிட்டீர்களே!

எங்கள் மரத்தில் இன்னும் பூச்சி இல்லை. ஆனால் வரப்போகிறது. நேற்று ராத்திரி மழை விட்டதும் வாசல் பல்பைச் சுற்றி உள்ளங்கை அகலத்தில் மங்கலான மஞ்சள்பழுப்பு விட்டில்கள் எட்டு ஒன்பது மோதிக்கொண்டிருந்தன. இதுதான் அதன் தாய். வண்ணத்துப்பூச்சி இல்லை, ராத்திரி பறக்கிற வகை. இலைக்கு அடியிலும் இளந்தண்டிலும் கும்பலாக முட்டையிடும். தோப்பில் முருங்கை போட்டவர்கள் மழைக்கு அப்புறம் விளக்குப்பொறி வைப்பது இதற்காகத்தான். வீட்டில் ஒரு வாய் அகன்ற அன்னக்கூடையில் சோப்புத் தண்ணீர் வைத்து அதற்கு மேல் பல்பைத் தொங்கவிட்டால் அதுவே பொறி. ஒரு மணி நேரம் போதும். விடிய விடிய எரியவிட்டால் பக்கத்துத் தோட்டத்து விட்டிலையும் நீங்களே விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். ஊரில் இல்லாத பூச்சியெல்லாம் வேறு வந்து சாகும்.

2.11.2024

விட்டில் என்றால் வெட்டுக்கிளி, நான் எழுதியது அந்துப்பூச்சி என்று ஒருவர் திருத்துகிறார். விளக்கில் விழுவது விட்டில் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், "நீங்கள் கம்பளிப்பூச்சி எண்டுறதை நாங்கள் மயிர்க்கொட்டி எண்டுதான் சொல்லுவம்" என்று எழுதியிருக்கிறார். இருப்பதிலேயே நேர்மையான பெயர் அதுதான். பூச்சிக்குக் கம்பளி போர்த்திக் கௌரவப்படுத்தியது நாம்தான்.

9.11.2024

மருந்துக் கடைக்குப் போனவர்களுக்கு.

முருங்கை நாம் கீரையாகவும் பறித்துத் தின்கிற மரம். இதை மறந்துவிட்டுத்தான் பல பேர் மருந்தடிக்கிறார்கள். போன வருஷம் ஒரு கடையில் எனக்கு லேபிள் இல்லாத குப்பியில் ஊற்றிக் கொடுத்து, "ஒரு வாரம் கீரை பறிக்காதீங்க, அப்புறம் ஒண்ணும் ஆகாது" என்றார்கள். என்ன மருந்து என்று கேட்டதற்கு, "பூச்சி மருந்துதான்" என்று பதில். அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பழைய கையேடு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முருங்கைக் கம்பளிப்பூச்சிக்குக் கார்பரில் தூள் என்று அதில் இருக்கும். கார்பரில் 2018 ஆகஸ்ட்டிலேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதே உத்தரவில்தான் டைக்குளோர்வாஸுக்கும் 2020 டிசம்பர் 31 முதல் தடை வந்தது. பரணில் பழைய டப்பா இருந்தால் இருக்கிறதே என்று அடித்துவிடாதீர்கள்.

வாங்கியே தீருவேன் என்றால் பி.டி. என்று கேளுங்கள். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா. ஜெர்மனியின் துரிங்கியா வட்டாரத்தில் மாவில் விழும் அந்துப்பூச்சியின் புழுவிலிருந்து 1911-இல் பெர்லினர் என்ற விஞ்ஞானி பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர். அதற்குப் பத்து வருஷம் முன்பே ஜப்பானில் இஷிவாட்டா செத்த பட்டுப்புழுவில் இதைப் பார்த்திருக்கிறார். மேலே பட்டுச் சாகிற மருந்து இல்லை. புழு அதை இலையோடு சேர்த்துத் தின்ன வேண்டும். காரத்தன்மையுள்ள அதன் குடலில் போய்த்தான் அந்தப் புரதம் வேலை செய்யும். நம் வயிறு அமிலம், அதனால் நமக்கு அந்தப் பாதிப்பு இல்லை. ஆனால் இரண்டு நிபந்தனை. பூச்சி சின்னதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். வெயிலில் சீக்கிரம் வீரியம் இழந்துவிடும் என்பதால் சாயங்காலம் அடிக்க வேண்டும். விரல் நீளத்துக்கு வளர்ந்து அடிமரத்தில் தூங்குகிற கும்பல்மேல் பட்டப்பகலில் அடித்துவிட்டுப் பலனில்லை என்று சொல்லக் கூடாது.

பி.டி. பருத்தி, பி.டி. கத்திரிக்காய் மாதிரியா இது, மரத்தின் மரபணு மாறிவிடுமா என்று கேட்டவருக்கு: மாறாது. பருத்தியில் இந்த பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள்ளேயே வைத்தார்கள். 2002-இல் இங்கே அனுமதி வந்தது. கத்திரிக்காயை 2010-இல் நிறுத்தி வைத்துவிட்டார்கள். நாம் தெளிப்பது பாக்டீரியாவை அப்படியே. மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், அதுதான் இந்த மாசத்தில் இதன் பெரிய குறை.

10.11.2024

முதல் குறிப்பில் வேப்பெண்ணெய் அடித்தால் "செத்துவிடும்" என்று எழுதியது தப்பு. மூன்று பேர் அடித்துவிட்டு மறுநாள் பூச்சி நடமாடுகிறது என்று படம் போட்டுக் கோபப்பட்டிருக்கிறார்கள். நியாயம்தான். வேம்பு உடனே கொல்லாது. தின்பதைக் குறைக்கும், தோலுரித்து வளர்வதைக் கெடுக்கும். இளம்புழுவுக்குச் சரி, வளர்ந்ததற்கு அது கஷாயம் குடித்த மாதிரி, முகத்தைச் சுளித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். உச்சி வெயிலில் அடித்தவருக்கு இலை வேறு கருகியிருக்கிறது. சாயங்காலம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

17.11.2024

வந்துவிட்டது.

முதலில் பூச்சியைப் பார்க்கவில்லை. சிமெண்டுத் தரையில் யாரோ கேழ்வரகைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி கறுப்பாக இறைந்து கிடந்தது. பெருக்கிவிட்டு உள்ளே போய் வருவதற்குள் மறுபடியும் இறைந்திருந்தது. பூச்சியின் எச்சம். நிமிர்ந்து பார்த்தால் அடிமரத்தில் இடுப்பு உயரத்தில் ஈரச் சாக்கை ஆணியடித்து மாட்டிய மாதிரி ஒரு திட்டு. இரண்டு முழம் இருக்கும். கிட்டப் போனால்தான் சாக்கு இல்லை என்று தெரிகிறது. ஒன்றோடொன்று ஒட்டி, தலையெல்லாம் ஒரே பக்கமாக வைத்து, பாயில் வரிசையாகப் படுத்த பிள்ளைகள் மாதிரி. நான் மூச்சு விட்டது பட்டதோ என்னவோ, திட்டு முழுக்க ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி உதறியது. நான் இரண்டடி பின்னால் வந்துவிட்டேன். இத்தனை வருஷம் ஆகியும் அந்த உதறலுக்கு உடம்பு கூசத்தான் செய்கிறது.

வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை, கையில் பால் கவர் சுற்றி ரப்பர் பேண்டு, தலையில் ஷவர் தொப்பி, கண்ணுக்கு மூக்குக் கண்ணாடி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். நனைத்து, வழித்து, வாளியில் தள்ள இருபது நிமிஷம். நனைந்த கும்பல் பட்டையை விட்டு வரும்போது ஊறவைத்த பழைய பாயை உரிக்கிற மாதிரி ஒரு சத்தம். உரித்த இடத்தில் பட்டை பச்சையாக, பிராண்டிய மாதிரி இருந்தது. இலையை மட்டும் அல்ல, பட்டையையும் சுரண்டித் தின்றிருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா மதில் மேலே எட்டிப் பார்த்து, "இந்த மரத்தை வெட்டித் தொலையேன், எங்க பாத்ரூம் சுவர் வரைக்கும் வந்துடுச்சு" என்றார். வருஷா வருஷம் சொல்வதுதான். மாசியில் இதே மதில் வழியாக "பத்துக் காய் பறிச்சுக் குடேன்" என்றும் கேட்பார். அதையும் நான் மறப்பதில்லை.

18.11.2024

வாளியில் இருந்ததை என்ன செய்தீர்கள் என்று கேட்டவருக்கு: ஒரு நாள் மூடி வைத்திருந்து, முழங்கை ஆழக் குழியில் கொட்டி மூடிவிட்டேன். சாக்கடையில் கொட்டாதீர்கள், குப்பைவண்டியில் போடாதீர்கள். அள்ளுகிறவர்கள் கை வெறுங்கை.

24.11.2024

கிரீஸ் தடவலாமே, சுண்ணாம்பு அடிக்கலாமே என்று ஆறேழு பேர். இரண்டையும் செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

சுண்ணாம்பு அடித்த மரம் பார்க்க அழகாக இருக்கும், ஹைவே ஓரத்து மரம் மாதிரி. விட்டில் பறந்து போய் மேலே இலையில் முட்டையிடுகிறது. அதற்குச் சுண்ணாம்பு என்ன தடை? ஆனால் ஒரு உபகாரம் உண்டு. வெள்ளைப் பட்டையில் கும்பல் கட்டினால் சமையலறை ஜன்னலிலிருந்தே தெரியும். அதற்காகவே இப்போதும் அடிக்கிறேன்.

கிரீஸ் கதை வேறு. 2019-இல் மார்பு உயரத்தில் நாலு விரல் அகலத்துக்கு வளையம் போட்டேன். பூச்சி ஏற்கெனவே மேலே இருந்தது. இறங்கி வந்தது கிரீஸுக்கு மேலேயே நின்று கும்பல் கட்டியது, அதாவது என் கைக்கு எட்டாத உயரத்தில். வசதியாக இடுப்பு உயரத்தில் கிடைத்துக்கொண்டிருந்ததை நானே மாடிக்கு அனுப்பிவைத்தேன். போதாததற்கு ஒரு ஓணான் குட்டி அதில் மாட்டிக்கொண்டது. தேங்காய் எண்ணெய் தடவி அதைப் பிரித்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. முருங்கையின் பட்டையில் கிரீஸ் ஊறிய கறை இன்னும் இருக்கிறது. போட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் ஒரு சாக்குப் பட்டையைச் சுற்றிக் கட்டி அதன்மேல் தடவுங்கள், வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடலாம். வழித்துவிட்ட பிறகு கீழே விழுந்தது திரும்ப ஏறாமல் இருக்க மட்டும்தான் அது உதவும்.

கிரீஸே வேண்டாம், வெறும் சாக்கைக் கட்டினால் என்ன என்று இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. கும்பல் அதற்கு அடியில் ஒதுங்கினால் அப்படியே அவிழ்த்து வாளியில் போட்டுவிடலாம். பார்க்கிறேன்.

27.11.2024

பார்த்தேன். ஒதுங்கவில்லை. சாக்குக்குள் இரண்டு மரவட்டையும் ஒரு பல்லி முட்டையும்தான் இருந்தன. மிச்சமிருந்த பூச்சி சாக்குக்கு ஒரு சாண் மேலே ஹாயாகத் தூங்குகிறது.

4.12.2024

விழுப்புரத்துக்காரர் ஒருவர்: "ஃபெஞ்சல் புயலில் மரமே போய்விட்டது அக்கா, பூச்சித் தொல்லை தீர்ந்தது." சிரிப்பதா என்று தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் பத்திரமாக இருப்பதாக எழுதியிருக்கிறார். தண்ணீர் வடிந்ததும் நல்ல கிளையாகப் பார்த்து ஒன்றரை முழம் வெட்டி நட்டு வையுங்கள் தம்பி. முருங்கை கோபித்துக்கொள்ளாது.

15.12.2024

மரம் உயரமாக இருப்பதுதான் பாதித் தொல்லை என்று எனக்குப் பட ஆரம்பித்துவிட்டது. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 செடிமுருங்கையைக் காய்ப்பு முடிந்ததும் மூன்றடி விட்டு வெட்டிவிடச் சொல்வார்கள். தழைத்து மறுபடி காய்க்கும். வீட்டு மரத்தையும் வருஷம் ஒரு தடவை கவாத்து செய்து கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டால் முட்டையிட்ட இலையைக்கூடக் கிள்ளி எடுத்துவிடலாம். என் மரம் மொட்டைமாடியைத் தாண்டிவிட்டது. வெட்ட மனசு வரவில்லை, பூவும் பிஞ்சுமாக இருக்கிறது. காய்ப்பு முடியட்டும்.

வளர்ந்த பூச்சி இப்போது மரத்தை விட்டு இறங்கி மண்ணுக்குள் போய்க் கூடு கட்டுகிற நேரம். அடிமரத்தைச் சுற்றி நாலடிக்கு மண்ணைக் கொத்திப் புரட்டிவிட்டால் கூடு வெளியே வரும். மைனாவும் கோழியும் பார்த்துக்கொள்ளும். வருகிற வருஷத்துப் பூச்சி அந்த மண்ணில்தான் இருக்கிறது. எல்லோரும் பூச்சி போனதும் மறந்துவிடுகிற வேலை இது, நானும்தான்.

எதிர்வீட்டுப் பையன், ஆறாம் வகுப்பு, நான் வழித்தபோது ஐந்து பூச்சியைக் கேட்டு வாங்கி, மண் போட்ட ஹார்லிக்ஸ் பாட்டிலில் வளர்க்கிறான். அவன் அம்மாவுக்குத் தெரியாது. இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

11.1.2025

பையன் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "அத்தை, புழு ஈயா மாறிடுச்சு!"

உள்ளே நிஜமாகவே இரண்டு ஈ. வீட்டு ஈயை விடப் பெரிது, முதுகெல்லாம் முள்முள்ளாக மயிர். ஐந்தில் மூன்று ஒழுங்காக மண்ணுக்குள் போயிருக்கின்றன. இரண்டு மட்டும் வெறும் தோலாகச் சுருங்கி, பக்கத்தில் கோதுமை மணி மாதிரி செம்பழுப்பாகக் கூடு கிடந்தது, திறந்து. ஒட்டுண்ணி ஈ. கம்பளிப்பூச்சியின் உடம்பில் முட்டை வைக்கும். பொரிந்த புழு உள்ளேயே இருந்து தின்று, கடைசியில் வெளியே வந்து கூடாகும். பூச்சி புழுவாக இருக்கும்போதே தோல்மேல் வெள்ளையாக எள்ளில் பாதி அளவுக்குப் புள்ளி இருந்ததாகப் பையன் சொல்கிறான். அவன் பார்த்திருக்கிறான். நான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அந்த வாளிகள்தான் ஞாபகம். ஐந்தில் இரண்டு என்பது ஒரு பாட்டில் கணக்குத்தான், அதை வைத்து மரம் முழுக்கக் கணக்குப் போடக் கூடாது. இருந்தாலும் நான் முக்கிக் கொன்றதில் எத்தனை ஏற்கெனவே ஈயின் சொத்தாக இருந்ததோ. மருந்தடித்தவர்களை அத்தனை பேச்சுப் பேசியவள், சோப்புத் தண்ணீரில் அதே வேலையைச் செய்திருக்கிறேன்.

வழிக்காமல் இருந்திருக்க முடியுமா? முடியாது. பக்கத்து வீட்டுப் பாத்ரூம் சுவர் ஈ வரும்வரை காத்திருக்காது. ஆனால் மேலே கவட்டில் கைக்கு எட்டாமல் இருந்த கடைசிக் கும்பலை ஏணி போட்டு எடுத்தேனே, அது வேண்டியிருக்கவில்லை. டிசம்பர் முழுக்க ஒரு செண்பகப் பறவை அந்தப் பக்கம் வந்து போய்க்கொண்டிருந்தது. குயில் ஜாதிப் பறவைகளுக்கு ரோமப் பூச்சி ஒரு பொருட்டே இல்லை. அதன் இலையில் சாப்பாடு போட்டுவிட்டு நானே எடுத்துவிட்டேன்.

19.1.2025

பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒருவர் தென்னைக்குக் கேட்கிறார். கீழ்மட்டைகள் தீய்ந்த மாதிரி காய்ந்து, ஓலையின் அடியில் நூலும் எச்சமுமாகக் கூடு இருக்கிறதாம். அது கருந்தலைப்புழு, வேறு குடும்பம். அதற்கு மரமேறி மருந்தடிப்பதை விட ஒட்டுண்ணிக் குளவி விடுவதுதான் காலங்காலமாகச் சொல்லும் வழி. கோனியோசஸ், பிராக்கான் என்று இரண்டு வகை. வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள், ஒட்டுண்ணி எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். ரொம்பக் காய்ந்த அடிமட்டையை வெட்டிக் கொளுத்திவிடுங்கள். இங்கே கொளுத்தலாம்.

தொட்டி எலுமிச்சையில் காக்கை எச்சம் மாதிரிப் புழு, தொட்டால் ஆரஞ்சு நிறத்தில் கொம்பு நீட்டி நாறுகிறது என்றவருக்கு: அது வண்ணத்துப்பூச்சி ஆகப் போகிறது. அரிக்காது. நாலு இலை கொடுத்தால் குறைந்தா போய்விடுவீர்கள்?

2.11.2025

ஒரு வருஷம் ஆயிற்று. கரூர்த் தம்பி, இந்த வருஷம் எப்படி என்று கேட்டிருக்கிறார்.

சித்திரையில் மரத்தைத் தலை உயரத்துக்கு வெட்டினேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்று தடவை மண்ணைக் கொத்திவிட்டேன். போன வாரம் மழைக்கு அப்புறம் பல்புக்கு அடியில் மூன்றே விட்டில். அடுத்த தெருவிலும் குறைச்சல்தான் என்கிறார்கள். அதனால் என் கொத்தல்தான் காரணம் என்று மார் தட்ட முடியாது.

இன்று காலை இலைக்கு அடியில் ஒரு முட்டைத் திட்டு பார்த்தேன். எட்டாவது உலக அதிசயம் கண்ட மாதிரி பையனைக் கூப்பிட்டேன். ஏழாம் வகுப்பு இப்போது, குரல் உடைந்துகொண்டிருக்கிறது. கிள்ளி வாளியில் போடலாம் என்று கையை நீட்டினேன். "பாதி எனக்கு" என்று இலையைக் காம்போடு பிடித்துக்கொண்டான். கிழித்தோம். அவன் பாதிக்குப் புது பாட்டில் வேண்டுமாம். பழையதை அவன் அம்மா கண்டுபிடித்துவிட்டார்.